முதல் மூன்று, கடைசி மூன்று

கேமராவைத் துடைத்து வைக்கலாம் என்று கையில் எடுத்தபோதுதான் க்ளெனிஸ் அதைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்கால். சமையலறை மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எந்த ஃபிலிமைப் போட்டிருக்கிறோம் என்பது மறந்துவிடாமலிருக்க, ஃபிலிம் வந்த அட்டைப்பெட்டியின் ஒரு மூலையைக் கிழித்துக் கேமராவின் முதுகிலுள்ள சட்டத்தில் செருகி வைப்பது அவள் வழக்கம். அந்தத் துண்டில் நூறு என்றிருந்தது. கேமராவின் தலையில் இருக்கும் திருகியில் நானூறு என்றிருந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். நூறு நூறாகவே இருந்தது, நானூறு நானூறாகவே இருந்தது.

நூறு என்பது மந்தமான ஃபிலிம். நிறைய வெளிச்சம் கேட்கும். உள்ளே இருப்பது நானூறு என்று நம்பிய கேமரா, வேண்டியதில் கால்பங்கு வெளிச்சத்தை மட்டும் அளந்து கொடுத்திருக்கிறது. ஒரு படத்துக்கல்ல, முப்பத்தாறுக்கும். நேற்று மாலை கல்யாணக் கொட்டகைக்குள் வாழ்த்துப் பேச்சு தொடங்கிவிட்டது, முதல் ரோல் அப்போதுதான் தீர்ந்திருந்தது, பைக்குள் கையை விட்டு அகப்பட்டதை எடுத்துப் போட்டாள். பெட்டி மூலையைக் கிழித்துச் செருகியதுகூட நினைவிருக்கிறது. கை பழக்கத்தில் செய்தது, கண் பார்க்கவில்லை. கண் முழுக்கக் கணவன் நெவில் மீது இருந்தது.

வேறு யாருடைய கல்யாணமாக இருந்தாலும் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். இது மகள் ஷோனாவின் கல்யாணம். நியூசிலாந்தின் தெற்கே ரான்ஃபர்லிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை ஹேமியின் நண்பர் பண்ணையில், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையைப் பெருக்கிக் கழுவி, கூரையெல்லாம் விளக்குத் தொங்கவிட்டு நடந்தது. வாசலில் ஒரு கம்பளிச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கைபேசியை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தொண்ணூறு பேரும் போட்டார்கள். "எல்லாரும் கண்ணால பாக்கட்டும். படத்த அம்மா பாத்துக்குவா" என்று ஷோனா சொல்லியிருந்தாள். ஹேமியின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் நேப்பியரில் கல்யாணப் படம் எடுப்பதையே தொழிலாகச் செய்கிறவன். புதிய கேமரா இரண்டுடன் சும்மாவே வந்து எடுத்துத் தருகிறேன் என்றான். க்ளெனிஸ்தான் வேண்டாம் என்றாள். ஃபிலிமில்தான், அதுவும் கறுப்பு வெள்ளையில்தான், தானே எடுத்து, தானே கழுவித் தருவேன் என்றாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். அந்தத் தம்பியும் நேற்று மற்றவர்களைப் போலச் சாக்கில் கைபேசியைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அவள் எடுப்பதைச் சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே பாப்லர் மரத்தடியில் மோதிரம் மாற்றியது முதல் ரோலில் இருக்கிறது. அதில் குற்றமில்லை. கொட்டகைக்குள் நடந்த பேச்சு, சாப்பாடு, ஆட்டம் முழுவதும் இந்த ஒரு ரோலில். இது போனால் அந்த மாலை போயிற்று. மத்தியானம் ஒரு மணிக்கு ஷோனாவும் ஹேமியும் சாப்பிட வருகிறார்கள். நாளைக்குத் தேனிலவுக்காக ராரோடொங்கா தீவுக்கு விமானம். போவதற்கு முன் நெகட்டிவையாவது காட்டு என்று ஷோனா கேட்டிருந்தாள்.

ஒமாருவில் பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் க்ளெனிஸ். பனி உறைந்த மலைவளைவில் வண்டி வழுக்கியபோதுகூட அவள் நிதானம் தவறியதில்லை. இப்போது தொலைபேசியில் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

"மர்டோ, எந்திரிச்சிட்டியா?"

"யாராவது செத்துட்டாங்களா?"

"நூறப் போட்டுட்டு நானூறுன்னு வெச்சு எடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடும் ஓசை கேட்டது.

"எந்த ரோலு?"

"கொட்டகைக்குள்ள எடுத்தது."

"தொடாத. ஒண்ணயும் தொடாத. இதோ வரேன்."

இருபது நிமிடத்தில் வந்துவிட்டான். மர்டோ கின்னெர்ட், இறைச்சிக்கூடத்தில் முப்பத்தெட்டு வருடம் கத்தி பிடித்து ஓய்வு பெற்றவன். ஆட்டைத் தோளில் தூக்கிப் போடும் அந்தக் கைகளால், ஆட்டுக்குட்டிக்குத் தடுப்பூசி போடும் சிரிஞ்சை வைத்துக்கொண்டு, ஃபிலிம் கழுவும் டெவலப்பர் மருந்தை அரை மில்லி பிசகாமல் அளப்பான். ஊர்ப் புகைப்படச் சங்கத்தில் அவனும் க்ளெனிஸும் பதினாலு வருடமாகச் சண்டை. போன வருடச் சங்கக் கோப்பையை அவன் எடுத்த வேலிக்கம்பப் படம் வாங்கியது. ஒரு வேலிக்கம்பத்திடம் தோற்றதை அவள் மறக்கவில்லை. அவன் மறக்க விடவுமில்லை. சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டிருந்தான். கையில் துணிப்பை. அதற்குள் கலங்கலான தேன் நிறத்தில் ஒரு புட்டி, ஒரு தெர்மாமீட்டர், கழுவும் டாங்க் ஒன்று, ஓரம் கறுத்த நோட்டுப் புத்தகம். சாவுவீட்டுக்கு வருகிறவன் முகத்தை வைத்துக்கொள்ள அவன் முயன்றது தெரிந்தது. முடியவில்லை. கண் இரண்டும் பளபளத்தன.

"ரெண்டு ஸ்டாப் வெளிச்சம் கம்மி," என்றான், உட்காருவதற்கு முன்னாலேயே. "ரெண்டே ரெண்டு. இத விடக் கேவலமானதெல்லாம் நான் காப்பாத்தியிருக்கேன்."

"பொடி," என்றாள் க்ளெனிஸ். "ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி. நேரத்தக் கூட்டி இழுத்துக் கொண்டாந்துரலாம்."

"இழுப்ப. நெவில் மூஞ்சி வரும். ஷோனாவோட கவுனு வெள்ளையடிச்ச சுவரு மாதிரி ஆயிரும். கொட்டகைக் கதவு தொறந்து கெடந்துச்சா இல்லையா?"

"கெடந்துச்சு."

"வெயிலு?"

"மேக்கு வெயிலு. நேரா உள்ள."

"அப்புறம் என்ன பேச்சு? என்னோடது. ஒண்ணுக்கு நூறு. ஊத்து, மூடு, ஒரு மணி நேரம் தொடாத. நீ போயி புல்லு வெட்டிட்டு வரலாம்."

"நீ ஃபிலிம் கழுவுறதில்ல மர்டோ. ஊறுகா போடுற."

"நீ டாங்க்க ஆட்டுற ஆட்டுல பால ஊத்தினா வெண்ண வந்துரும்."

இந்தச் சண்டையை அவர்கள் நூறு தடவை போட்டிருப்பார்கள். அப்போதெல்லாம் அது பொழுதுபோக்கு. இன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் வந்திருந்தது. க்ளெனிஸ் நம்பும் பொடியில் வேகம் அதிகம். கரைத்துச் சம அளவு தண்ணீர் சேர்த்து, நேரத்தை நீட்டி, நிமிடத்துக்கொரு தடவை டாங்க்கைக் கவிழ்த்து நிமிர்த்தினால், கால்பங்கு வெளிச்சம் பட்ட இருட்டுக்குள்ளிருந்தும் ஏதாவது ஒன்றைப் பிடித்து இழுத்து வரும். ஆனால் அதற்கு நிதானம் கிடையாது. இருட்டை இழுக்கிற வேகத்தில் வெளிச்சத்தையும் இழுத்து அடைத்துவிடும். கதவோரம் வெயிலில் நின்ற மணப்பெண்ணின் கவுனில் ஒரு மடிப்புகூட மிஞ்சாது. மர்டோவின் புட்டி மருந்து நேர் எதிர். ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணீர். அவ்வளவு நீர்த்த மருந்து வெளிச்சம் நிறையப் பட்ட இடத்தில் சீக்கிரமே சத்தெல்லாம் தீர்ந்து களைத்துப் போகும்; இருட்டான இடத்தில் செலவு குறைவு, அதனால் அங்கே ஒரு மணி நேரமும் மெதுவாக வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். கவுன் தப்பிக்கும். ஆனால் அசையாமல் நிற்கும் மருந்து சில சமயம் கோடு கோடாக இறங்கும். மேலும், ரொம்ப இருட்டில் நின்ற ஒரு முகத்தை அது வெளியே கொண்டு வருமா என்பது மர்டோவுக்கே நிச்சயமில்லை. அதை அவன் சொல்ல மாட்டான்.

நெவில் அடுப்பிலிருந்து சீஸ் ரோல் தட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தான். நேற்றைய கல்யாணக் களை இன்னும் கண்ணில் இருந்தது. "தின்னுட்டுச் சண்ட போடுங்க. ஆமா, எந்த மருந்தா இருந்தா என்ன? எல்லாம் கறுப்பாத்தான வரப்போவுது?"

இருவரும் ஒரே சமயத்தில் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கமே திரும்பிப் போனான். ஆட்டுத்தொடை வெந்துகொண்டிருந்தது.

மர்டோ ஒரு சீஸ் ரோலை வாயில் திணித்துக்கொண்டு நோட்டைப் புரட்டினான். பத்து வருடக் கணக்கு அதில் இருந்தது: எந்த ஃபிலிம், எந்த மருந்து, எத்தனை பங்கு தண்ணீர், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், பக்கத்தில் ஒரு சொல். 'அருமை.' 'பரவாயில்லை.' 'பன்றிக்குப் போடு.' புரட்டிக்கொண்டே வந்தவன் நிறுத்தி, விரலை நக்கித் துடைத்துக்கொண்டு, "ஒரே வழிதான் இருக்கு. வெட்டிப் பாப்போம்" என்றான்.

அவள் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். ஃபிலிமின் ஒரு முனையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அதைப் பாதியாக்கி, ஒரு பாதியை இவள் மருந்திலும் மறுபாதியை அவன் மருந்திலும் கழுவிப் பார்ப்பது. எது நன்றாக வருகிறதோ அதில் மீதியைக் கழுவுவது. புத்திசாலித்தனமான வழி. வெட்டுப்படும் மூன்று படங்களைத் தலைமுழுகிவிட வேண்டும், அவ்வளவுதான். இருட்டில் எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கத்தரி எதன் மேல் போகும் என்று சொல்ல முடியாது.

"எந்த முனை?" என்றான் மர்டோ.

விருந்துச் சாப்பாட்டு அட்டையின் பின்புறத்தில் க்ளெனிஸ் நேற்றைய மாலையை ஒன்று முதல் முப்பத்தாறு வரை எழுதத் தொடங்கினாள். அவளுக்கு இது வரும். எந்த நிறுத்தத்தில் எந்தப் பிள்ளை ஏறும் என்று நினைவில் வைத்திருப்பது போல, எடுத்த படங்கள் வரிசையாக நினைவில் நிற்கும். நாலு, ஹேமியின் அப்பா மாவோரி மொழியில் பேசியது. ஏழு, எட்டு, பேச்சு முடிந்ததும் அவர்கள் வழக்கப்படி பாட்டுப் பாடியவர்கள். பன்னிரண்டு, கேக் வெட்டும்போது கத்தி மாட்டிக்கொண்டது. பத்தொன்பது, கம்பளி மூட்டை மேல் தூங்கிப்போன குழந்தை. இருபத்தாறிலிருந்து ஆட்டம். நடுவில் இருந்தவற்றுக்கு ஆபத்தில்லை. சிக்கல் இரண்டு முனைகளிலும்.

"மொத மூணு என்ன?" மர்டோ எட்டிப் பார்த்தான்.

"நெவில் பேச்சு."

அடுப்பிலிருந்து நெவில் திரும்பினான். "அத வெட்டு."

"உன்னக் கேட்டாங்களா?"

"வெட்டுங்கிறேன். தொண்ணூறு பேரும் நேத்து நான் எப்ப நிறுத்துவேன்னுதான் ஒக்காந்திருந்தாங்க. நீயாவது நிறுத்து." சிரித்தான். ஆனால் கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தான். "நெசமாத்தான் சொல்றேன் க்ளென். அது யாரும் பாக்க வேண்டியதில்ல."

நேற்று பேச எழுந்த நெவில் நாலு வரி படித்தான். ஷோனா ஆறு வயதில் கன்றுக்குட்டிக்குத் தன் மழைக்கோட்டைப் போட்டுவிட்ட கதைக்கு வந்தான். கதையை முடிக்கவில்லை. வாய் திறந்தபடி நின்றுவிட்டது. முப்பத்துமூன்று வருடத்தில் க்ளெனிஸ் அவன் அழுது பார்த்ததில்லை. அவனுடைய அண்ணன் டிராக்டருக்கடியில் சிக்கிச் செத்த அன்றும் அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். நேற்று அவள் ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தாள். கேமராவை இறக்கிவிட்டுப் போய் அவன் கையைப் பிடித்திருக்கலாம். ஹேமிதான் எழுந்து போய்ப் பிடித்தான். அவள் விரல் மூன்று தடவை ஷட்டரை அழுத்தியது. அதற்காக வெட்கப்பட வேண்டுமா என்று ராத்திரி வண்டியில் வரும்போது யோசித்தாள். படம் நன்றாக வந்துவிட்டால் வெட்கப்பட வேண்டாம் என்று அப்போது முடிவு செய்திருந்தாள்.

"அத நான் வெட்ட மாட்டேன்," என்றாள்.

"ஏன்?"

"மாட்டேன்னா மாட்டேன்."

மர்டோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "சரி, கடைசி மூணு? அதுல என்ன?"

"ஒண்ணுமில்ல. காலிக் கொட்டக. எல்லாரும் வெளிய போனப்புறம் எடுத்தது."

சொல்லிவிட்டு ஆறிப்போன தேநீரைக் குடித்தாள். கடைசி மூன்றை அவள் எடுக்கவில்லை. ஆட்டம் முடியும் நேரத்தில் ஷோனா வந்து, "குடு, எல்லாரையும் எடுத்துட்டே, உன்ன யாரு எடுப்பா?" என்று கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள். முதல் தடவை கூரையைத்தான் எடுத்தாள், கை வழுக்கிவிட்டது. மூன்றாவது எடுக்கும்போது ஃபிலிம் தீர்ந்து பாதியில் நின்றது. நடுவில் ஒன்றுதான் ஒழுங்காக எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அம்மா சொல்லிக் கொடுக்காமலே முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு எடுத்தாள். கதவு வெளிச்சத்தில் பாதி முகமும் கொட்டகை இருட்டில் பாதி முகமுமாக க்ளெனிஸ் நின்றிருந்தாள். கல்யாணத்தில் அவள் இருந்தாள் என்பதற்கு அந்த ஒரு படம்தான். 'என் மூஞ்சிய நான் கண்ணாடியில பாத்துக்கறேன்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"அப்ப கடைசி மூணு," என்று மர்டோ கையைத் தேய்த்துக்கொண்டான். "காலிக் கொட்டக நல்ல சோதன. இருட்டும் இருக்கும், கதவு வெளிச்சமும் இருக்கும்."

துணி துவைக்கும் அறைதான் அவளுக்கு இருட்டறை. சன்னலில் கறுப்புப் பிளாஸ்டிக்கும், கதவிடுக்கில் பழைய போர்வையும். விளக்கை அணைத்து நின்றாள். எலும்புவரை இருட்டு. பாட்டில் திறப்பானால் ஃபிலிம் டப்பாவின் மூடியை நெம்பினாள். திருப்பிச் சுற்றிய ரோலில் முதல் படம் வெளியேயும் கடைசிப் படம் உள்ளே அச்சோடு ஒட்டியும் இருக்கும். முழுவதையும் அவிழ்த்தால்தான் கடைசிக்குப் போக முடியும். விளிம்பை மட்டும் பிடித்து அவிழ்த்தாள். விரல் நுனியில் ஒரு நாள் மாலை முழுக்க ஓடியது.

"உசுரோட இருக்கியா?" மர்டோ கதவுக்கு வெளியிலிருந்து.

"பேசாத. எண்ணிட்டிருக்கேன்."

அச்சில் ஒட்டியிருந்த நாடா தட்டுப்பட்டது. அங்கிருந்து ஒரு சாண் போல அளந்து கத்தரித்தாள். துண்டைச் சத்தம் வராமல் பாதியாக மடித்தாள். நடுப்படம் சரியாக மடிப்பில் வருகிறது என்று அவளுக்குத் தெரியும். கத்தரியை ஒரு விரலளவு தள்ளி வைத்தால் போதும், நடுப்படம் ஒரு பக்கமாக முழுதாகத் தப்பிக்கும். தள்ளி வைத்தாள். அப்படி வைத்தால் ஒரு துண்டில் வெறும் கூரையும் விளக்கும் மட்டும்தான் இருக்கும். ஒரே வெளிச்சத்தில் ஒரே பொருள் இரண்டு மருந்திலும் எப்படி வருகிறது என்று பார்க்க வழியில்லாமல் போகும். பாதிச் சோதனையை நம்பி மீதி முப்பத்துமூன்றை எந்த மருந்தில் போடுவது? கத்தரியை மறுபடி மடிப்புக்கே கொண்டு வந்தாள். வெட்டினாள். இருட்டில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

ஒரு துண்டை ஒரு டாங்க்கிலும் மற்றதை இன்னொன்றிலும் போட்டு, மீதி ஃபிலிமை ரீலில் ஏற்றி மூன்றாவதில் மூடி வைத்துவிட்டு விளக்கைப் போட்டாள். மர்டோ உள்ளே வந்தான். துவைக்கும் தொட்டி முழுக்க இருபது டிகிரித் தண்ணீர். இவளுடையது பதினெட்டு நிமிடம், அவனுடையது ஒரு மணி நேரம். இவள் நிமிடத்துக்கொரு தடவை கவிழ்த்து நிமிர்த்தினாள். அவன் ஊற்றி, மூடி, இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். பொறுமையின் சிலை என்று அவனுக்கு நினைப்பு. பத்து நிமிடத்தில் டாங்க்கைத் தொடாமல் நாலு தடவை தெர்மாமீட்டரைப் பார்த்தான். நகத்தைக் கடித்தான்.

"ஒரு சின்னத் தட்டு தட்டலாமே?" என்றாள் அவள்.

"தட்டினா பாதிப் பேரு உனக்குப் போயிரும். எனக்கு வேண்டாம், அந்தப் பெரும முழுசும் எனக்கே வேணும்."

பதினொன்றரைக்கு இரண்டு துண்டுகளும் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவிலிருந்து வெளியே வந்தன. கழுவி, துணி கிளிப்பில் தொங்கவிட்டு, சன்னல் பிளாஸ்டிக்கை ஓரமாகத் தூக்கி, வெளிச்சத்தில் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். இரண்டிலும் உருவம் இருந்தது. கால்பங்கு வெளிச்சத்தில் எடுத்தது, இரண்டிலும் இருந்தது!

"வந்துருச்சு!" மர்டோ குதித்தான். அவனுடைய உடம்புக்கு அது குதிதான். தொட்டித் தண்ணீர் ஆடியது. "வந்துருச்சு க்ளெனிஸ், ரெண்டுலயும் வந்துருச்சு!"

பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் பிடுங்கினார்கள். அவள் துண்டில் உத்தரத்தின் மரவரி வரை இருந்தது, இருட்டுக்குள் இருந்த கன்னம் உருண்டு திரண்டு இருந்தது. ஆனால் தொங்கிய விளக்குகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து கறுப்புக் கட்டியாக அடைந்திருந்தன. அவன் துண்டில் கதவு வெளிச்சம் தெளிவாக, பலகையில் கிடந்த நீர்த்துளி வரை தெரிந்தது. ஆனால் ஓரத்துத் துளை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோடு கீழிறங்கியது, இருட்டுப் பக்கம் சிலந்தி நூல் போல மெலிந்து கிடந்தது.

"உன்னோடது வெளிச்சத்துல தோத்துச்சு," என்றான் மர்டோ.

"உன்னோடது இருட்டுல தோத்துச்சு."

"அதுவும் பாரு, ஒரே முகம், நடுவுல வெட்டு, இந்தப் பாதி உன் மருந்து, அந்தப் பாதி என் மருந்து. இத விட நல்ல சோதன நியூசிலாந்துலயே எவனும் பண்ணியிருக்க மாட்டான்! சங்கத்துல காட்டணும் இத..." சொல்லிக்கொண்டே போனவன் நிறுத்தினான். பூதக்கண்ணாடியை மறுபடி வைத்தான். வெகுநேரம் எடுக்கவில்லை.

"காலிக் கொட்டகன்னு சொன்ன."

"ஆமா."

"கொட்டகைக்கு மூக்கு இருக்கு."

க்ளெனிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். "நெவில்கிட்டச் சொல்லாத. இப்ப வேலையப் பாரு. பொடியே இருக்கட்டும், தண்ணியக் கூட்டினா என்ன?"

மர்டோ அவளையே பார்த்தான். பிறகு அவன் முகத்தில் ஏதோ ஒன்று ஒதுங்கி, பழைய பளபளப்பு வந்தது. "ஒண்ணுக்கு ரெண்டா?"

"மூணு. ஒண்ணுக்கு மூணு. வேகத்துக்கு என் பொடி. களைச்சுப் போக உன் தண்ணி. ஒரேயடியா நிக்க வேண்டாம், ஒரேயடியா ஆட்டவும் வேண்டாம். மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவ."

"முப்பது நிமிஷம்."

"முப்பத்திரெண்டு."

நோட்டுப் புத்தகத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. பதினாலு வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் சேர்மானம் இது. அவசரத்தில் அவள் கண்ணாடிக் குடுவையை எடுத்து அளக்கத் தொடங்கினாள். மர்டோ அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எந்த டாங்க்?"

"சின்னது. முந்நூறு மில்லி."

"அதுல ஒண்ணுக்கு மூணுன்னா கரைசல் எவ்ளோ?"

"எழுபத்தஞ்சு..." என்றவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு ரோல் ஃபிலிமுக்கு நூறு மில்லிக் கரைசலாவது வேண்டும். எத்தனை நிமிடம் வைத்தாலும், மருந்தின் மொத்தச் சத்து போதாவிட்டால் நடுவழியில் நின்றுவிடும். தண்ணீரின் பங்கையே நினைத்துக்கொண்டிருந்து மருந்தின் அளவை மறப்பது, நீர்க்கக் கலக்கிறவர்கள் மட்டுமே செய்யும் தப்பு. இரண்டு நாளில் இரண்டாவது தப்பைச் செய்ய இருந்தாள்.

"பெரிய டாங்க்," என்றான் மர்டோ. "அறுநூறு. நூத்தம்பது மில்லி உள்ள போவும். நான் மூணு தடவ இப்பிடித்தான் செத்திருக்கேன். நோட்டுல எழுதல, அவமானம்."

விளக்கை அணைத்து ரீலைப் பெரிய டாங்க்குக்கு மாற்றினார்கள். ஊற்றினார்கள். முப்பத்திரண்டு நிமிடம். இருவரில் ஒருவரும் உட்காரவில்லை. மூன்று நிமிடத்துக்கொரு தடவை அவள் கவிழ்த்தாள், அவன் நொடி எண்ணினான். பாதியில் முறை மாறிக்கொண்டார்கள். நெவில் வந்து கதவில் சாய்ந்து, "பிரசவ வார்டுல கூட நான் இவ்ளோ நேரம் நிக்கல" என்றான். போகவும் இல்லை.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஹைப்போவைக் கொட்டிவிட்டு க்ளெனிஸ் மூடியைத் திறந்தாள். ரீலிலிருந்து ஃபிலிமை அவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கினாள். தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் ஓடியது. மர்டோ கீழ் முனையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான். மர்டோ கீழேயிருந்து ஒவ்வொன்றாக, நிறுத்தப் பெயர் சொல்லும் நடத்துனர் போலச் சொல்லிக்கொண்டே வந்தான். "ஆட்டம் இருக்கு. ஆட்டம். கவுனு மடிப்பு இருக்கு! இங்க பாரு, மடிப்பு! தூங்குற புள்ள இருக்கு. கேக்கு. பாட்டுக்காரங்க பல்லு வரைக்கும் இருக்கு. ஹேமி அப்பா..." குரல் உடைந்து கத்தலாகிவிட்டது. க்ளெனிஸுக்குச் சிரிப்பும் மூச்சும் ஒன்றாக வந்தன. முதல் மூன்றும் அவள் கண்ணுக்கு நேரே இருந்தன.

நெவில் நெருங்கி வந்தான். "இதுல நான் எங்க?"

"இதோ."

நெகட்டிவில் அவனுடைய கறுப்புக் கோட்டு கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. முகம் சாம்பல் நிறம். கன்னத்தில் கண்ணிலிருந்து தாடை வரை மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. அவன் விரலை அதன் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினான்.

"மூக்கு ஒழுகுறது தெரியுதா?"

"தெரியுது."

"நல்லா வந்திருக்கா?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு."

"அப்பச் சரி," என்றான். அடுப்பைப் பார்க்கிறேன் என்று முனகிவிட்டுப் போனான்.

வாசலில் கார் நின்றது. ஷோனா செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகத் துவைக்கும் அறைக்கு வந்தாள். பின்னால் ஹேமி. நேற்றுச் செருகிய பூ ஒன்று அவள் தலைமுடியில் வாடிப்போய் இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது. மர்டோ நனைந்த முழங்காலோடு எழுந்து, "வா கண்ணு, வந்து பாரு, உன் ஆத்தா ஒரு மந்திரவாதி. நான் அதுல பாதி" என்றான். அவள் தொங்கும் ஃபிலிமை மேலிருந்து கீழே பார்த்தாள். அப்பாவிடம் நின்றாள். ஹேமியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். மறுபடி கீழே போனாள். கடைசிவரை போய்க் குனிந்தாள்.

"அம்மா, நான் எடுத்தது எங்க?"

"அது வந்து..." க்ளெனிஸ் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். ஃபிலிம் தீர்ந்துவிட்டிருந்தது, விழவில்லை என்று சொல்லலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். மர்டோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் ஷோனா அதற்குள் சன்னலோரம் கிளிப்பில் தனியாகத் தொங்கிய இரண்டு சின்னத் துண்டுகளைப் பார்த்துவிட்டாள். பஸ் ஓட்டுகிறவளின் மகள், எதுவும் தப்பாது. ஒன்றைக் கழற்றினாள், பிறகு மற்றதை. பிளாஸ்டிக்கை முழங்கையால் ஒதுக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். வெட்டிய விளிம்பு இரண்டையும் நெருக்கிக் கொண்டுவந்தாள். மூக்கு பொருந்தவில்லை. ஒன்றை மயிரிழை மேலே தூக்கினாள், மற்றதைக் கொஞ்சம் சாய்த்தாள். ஒரு பக்கம் அடர்ந்தும் ஒரு பக்கம் கோடிறங்கி மெலிந்தும் இருந்த அந்த முகம், அவள் விரல்களுக்கிடையில் ஒன்று சேரவும் விலகவுமாக ஆடியது. வெளியே மேகம் விலகி வெயில் வந்தது. ஷோனா மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, அசையாமல் நின்றாள்.